வஸீருக்குப் பிடிக்காத ஆள்

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கி முடித்ததும், ஜெகபர் அலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பச்சைக்கிளி எம்புட்டு வருசம் உசுரோட இருக்கும்ங்க?"

டாக்டரம்மா மனிதர்களுக்கு வைத்தியம் படித்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் செல்போனில் தேடி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து முப்பது வருஷம்கூட இருக்குமாம் என்றார். கையோடு, உங்கள் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, மாத்திரையில்தான் ஓட்ட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்பதையும் சொன்னார். இந்த இரண்டாவது செய்தி அலியை ஒன்றும் செய்யவில்லை. முதல் செய்திதான் நெஞ்சைப் பிடித்தது. வஸீருக்கு இப்போதுதான் பத்து வயது தாண்டியிருந்தது.

வஸீர் கொடைரோட்டில் கிடைத்த கிளி. ஒரு சூறைக்காற்றில் ஸ்டேஷன் பக்கத்துப் பனைமரம் முறிந்ததில், பொந்திலிருந்து தெறித்த குஞ்சு நேராக வந்து அலியின் டீ கிளாஸில் விழுந்தது. டீ ஆறிப்போயிருந்ததால் பிழைத்தது. அந்த ஸ்டேஷன் டீக்கடையில் டீ எப்போதும் ஆறித்தான் இருக்கும் என்பதால் இதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை. இறகில்லாமல், உரித்த கோழி மாதிரி இருந்ததை அலி சட்டைப் பையில் வைத்து பேகம்பூரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பொட்டுக்கடலையைத் தூளாக்கிக் கரைத்து ஊட்டினார். இறகு முளைத்தது. கழுத்தில் சிவப்பு வளையம் வந்தது. வளையம் வந்த வருஷம், வஸீர் தன் பெண்டாட்டி யார் என்று முடிவு செய்தது. ஜெகபர் அலிதான் அது.

கிளி ஒரு தடவை முடிவு செய்தால் செய்ததுதான். தின்றதைக் கக்கி அவர் காதுக்குள் ஊட்டும். காது அடைத்துப்போய் டாக்டரிடம் போனபோது உள்ளேயிருந்து கொய்யா விதை எடுத்தார்கள். அது காதுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது என்று பேகம்பூரில் சிலர் சொல்வதுண்டு. அது பொய். விதைதான் இருந்தது, முளைக்கவில்லை.

அலியின் நிஜப் பெண்டாட்டி நர்கீஸுக்குத்தான் கஷ்டம். அவள் அவருக்கு ஒரு கை தூரத்துக்குள் வந்தால் வஸீர் பறந்து வந்து விரலைக் கவ்வும். அலி அப்போது சீரக சம்பா அரிசிக்கடை வைத்திருந்தார். கடையில் அரிசி அள்ளுகிற நீளக்கைப்பிடித் தகரக் கரண்டி ஒன்றை நர்கீஸ் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதன் நுனியில் டம்ளரை வைத்து, அறையின் அந்தப் பக்கத்திலிருந்து புருஷனுக்கு டீ நீட்டுவாள். ஒரு சொட்டுச் சிந்தாது. விருந்தாளிகளுக்கு இது அரண்மனை மரியாதை மாதிரித் தெரிந்தது.

கடையை விற்றுவிட்டு அலி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, கரண்டி இன்னும் அதிகமாக உழைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நர்கீஸ் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"இந்தா பாருங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இதையும் உங்க சந்தூக்குப் பெட்டியிலயே வெச்சு கபுர்ஸ்தானுக்கு அனுப்பிருவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

"பாவம் புள்ள அது."

"நான் பாவமில்லையா? பாத்திரம் கழுவுற கையி, பாருங்க. எந்த வெரல்ல தழும்பு இல்ல?"

அலி பார்த்தார். தழும்பில்லாத விரல் இல்லைதான்.

அவர் கவலை நியாயமானது. வஸீர் அவர் கையால் கொடுத்தால்தான் தின்னும். அவர் ஒரு நாள் ஒட்டன்சத்திரத்தில் கல்யாணத்துக்குப் போய்த் தங்கினால் அன்றைக்கு வஸீருக்கு நோன்பு. அண்ணன் மகன் ஃபாரிஸ், "நான் வெச்சுக்கறேன் சாச்சா" என்று கூண்டோடு வாங்கிப் போனான். பழம் வைத்தான், பாதாம் வைத்தான். கிளி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போனில் அலியின் குரலைக் கேட்க வைத்தான். கிளி போனைக் கொத்தித் திரையை உடைத்து, சாச்சாவை வெளியே எடுக்கப் பார்த்தது. மறுநாள் கூண்டு திரும்பி வந்தது. ஃபாரிஸ் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டான்.

பக்கத்து வீட்டு அந்தோணிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். யாருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லியே பழகியவர்.

"பாய், சட்டப்படி பாத்தா பச்சைக்கிளிய வீட்டுல வெச்சிருக்கவே கூடாது. பாரஸ்ட் ஆபீஸுல ஒப்படைச்சிருங்க. அவுக சிறுமலையில கொண்டுபோயி விட்டுருவாக."

"சிறுமலையில யாரு இதுக்குக் கொசுவலை கட்டுவா?"

அந்தோணிமுத்து யோசித்துப் பார்த்தார். அவருக்கும் யாரும் தோன்றவில்லை. வஸீர் கொசுவலைக்குள்தான் தூங்கும். கரண்ட் போனால், "நர்கீஸு, ஃபேன போடு" என்று அலியின் குரலில் அதட்டும். பருந்து என்றால் என்னவென்று தெரியாது. ஒரு தடவை ஜன்னலில் வந்து உட்கார்ந்த பருந்துக்கு ஸலாம் சொல்லியிருக்கிறது. பருந்துக்கே ஒரு மாதிரியாகி எழுந்து போய்விட்டது. காட்டில் எல்லாப் பருந்தும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

"அப்ப ஒரே வழிதான். தங்கச்சிகிட்ட ஒட்ட வையுங்க," என்றார் அந்தோணிமுத்து. தங்கச்சி என்றது நர்கீஸை.

"அவளத்தான் கடிக்குதே, அப்பு."

"உங்க மேல இருக்குற பிரியத்துல கடிக்குது. அந்தப் பிரியம் போயிருச்சுன்னா ஏன் கடிக்கப் போகுது? உங்களப் புடிக்காமப் பண்ணுங்க."

அலி இரண்டு நாள் இதை மென்றுகொண்டிருந்தார். தான் போன பிறகு கிளி பட்டினி கிடந்து சாகும். இல்லை என்றால், தான் இருக்கும்போதே அதற்கு வேண்டாதவனாகிவிட வேண்டும். வேறு கணக்கு வரவில்லை.

முதலில் பயமுறுத்திப் பார்த்தார். வஸீருக்கு ஹெல்மெட்டைக் கண்டால் ஆகாது. ஃபாரிஸிடம் பழைய ஹெல்மெட் ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிந்தார். ஹெல்மெட்டோடு பேப்பர் படித்தார். அதன் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இட்லி தின்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், "எங்கிட்டும் கெளம்பிட்டீங்களா பாய்?" என்று கேட்டான். "இல்ல, வீட்டுலதான் இருக்கேன்," என்றார். வஸீர் ஒரு நாள் அலறியது. மறுநாள் ஹெல்மெட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு அதை விட்டு இறங்கவே இல்லை. பயம் தெளிந்ததோடு நிற்காமல், தெருவில் ஹெல்மெட் போட்டு வருகிற ஆட்களையெல்லாம் ஜன்னலில் இருந்து கொஞ்சிக் கூப்பிட ஆரம்பித்தது. பேகம்பூரில் ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம்தான் அலி அந்தத் தப்பைச் செய்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாட்பாரத்தில் ஒரு பொம்மைக்கிளி விற்றுக்கொண்டிருந்தார்கள். பேட்டரி போட்டது. நாம் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லி இறக்கையை அடித்துக்கொள்ளும். அதை வாங்கி வந்து மேஜைமேல் வைத்து, வஸீர் பார்க்க, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது பொம்மை.

வஸீர் அந்த ஸலாமைக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. ராத்திரியெல்லாம் கொசுவலைக்குள் தனக்குத்தானே முணுமுணுத்துப் பழகி, நாக்கு புரண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னது. அன்றைக்கு அலி தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார். இப்போது இந்தப் பொம்மை வந்து நின்ற நிமிஷத்திலேயே சொல்கிறது.

அலி பொம்மையைத் தடவிக் கொடுத்தார். அதன் பிளாஸ்டிக் மூக்கில் கொய்யாப்பழத்தைத் தேய்த்தார். "என் ராசா" என்றார். "என் ராசா" என்றது அது. முதலில் வஸீர் சிரித்தது. நர்கீஸின் சிரிப்பு அது, அவளிடமிருந்துதான் கற்றிருந்தது. அப்புறம் மேஜைக்குப் பறந்து வந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் காட்டியது. ஸலாம் சொன்னது. குக்கர் விசில் அடித்தது. அரிசிக்கடையில் எடை சொல்வதைச் சொன்னது. அலியின் இருமலைக்கூட இருமிக் காட்டியது. அது சொல்லச் சொல்ல, பொம்மை அத்தனையையும் திருப்பிச் சொல்லி இறக்கையை அடித்தது. அலி பொம்மையைத்தான் தடவினார்.

வஸீர் கூண்டுக்குப் போய்விட்டது.

தினமும் இது நடந்தது. கிளி பேச்சை நிறுத்திற்று. பிறகு தின்பதைக் குறைத்தது. பிறகு தன் நெஞ்சிலிருந்து இறகுகளைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. கூண்டுக்கடியில் பச்சையாகக் கிடக்கும். நர்கீஸ் பெருக்கி எடுப்பாள். ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தவள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மனுசனா நீங்க?"

"உனக்காகத்தான் புள்ள. நாளைக்கு நான் இல்லன்னா உங்கிட்ட அது இருக்கணுமில்ல?"

"எனக்காகன்னு யாரு உங்ககிட்ட கேட்டா? அது என்ன பண்ணுச்சு உங்கள? வாயில்லா ஜீவன இப்படியா வதைப்பாங்க?"

வஸீருக்கு வாய் இருந்தது. இத்தனை நாள் வீட்டில் அதுதான் தொந்தரவாக இருந்தது. அலிக்கும் நெஞ்சு அடைத்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நர்கீஸ் பொம்மையைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். பேட்டரி தீராததால் அது குப்பைக்குள் இருந்துகொண்டு, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று வண்டியின் மைக் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனது. அன்றைக்கு அந்த வார்டில் எல்லாரும் இரண்டு தடவை குப்பை கொண்டுவந்து போட்டார்கள்.

ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

நர்கீஸ் கூண்டுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். ஊறவைத்த கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கடித்தது. நீட்டிக்கொண்டே இருந்தாள். இறகு போன இடத்தில் சோற்றுக்கற்றாழையைத் தடவினாள். கடித்தது. தடவினாள். கிளியிடம் அவள் தணிந்த குரலில் ஏதேதோ பேசினாள். அலி அடுப்படியில் நின்று கேட்டார். எல்லாம் அவரைப் பற்றித்தான் இருந்தது. ஒன்றும் நல்லதாக இல்லை.

"என்னையும் இப்படித்தான்டா பண்ணாரு. கல்யாணமான புதுசுல எம்புட்டுப் பேச்சு பேசுவாரு தெரியுமா? அப்புறம் நீ வந்தே. அம்புட்டுப் பேச்சும் உங்கிட்டப் போயிருச்சு."

அலிக்கு இது புதுச் செய்தி. அப்படியா நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். அப்படித்தான் நடந்திருந்தது.

ஒரு சாயங்காலம் வஸீர் தலையைக் குனிந்து, கழுத்து இறகைச் சிலிர்த்து, நர்கீஸின் விரலுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தது. சொறிந்துவிடு என்று அர்த்தம். கிளி அதை ஒருத்தரிடம்தான் கேட்கும். நர்கீஸ் சொறிந்துவிட்டாள். அடுப்படி வாசலில் நின்ற அலி, அல்ஹம்துலில்லாஹ் என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கிளி நிமிர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு நேராகப் பறந்து வந்து அவர் காதைக் கவ்வியது. முன்பு ஊட்டிய அதே காது. ரத்தம் சட்டை முழுக்க வந்தது.

அதோடு வீட்டில் அவருக்கு இடம் போயிற்று. அவர் முன்னறைக்கு வந்தால் வஸீர் அலறும். அலறினால் இறகைப் பிடுங்கும். இப்போதுதான் நெஞ்சில் புது இறகு முளைத்துக்கொண்டிருந்தது.

"செத்த வெளிய இருங்களேன். அது சாப்புடட்டும்," என்பாள் நர்கீஸ்.

அவர் வெளியே போவார். அது சாப்பிட்டு முடித்ததும் தூங்கும். தூங்கும்போது காலடிச் சத்தம் ஆகாது. எழுந்தால் குளிக்கும். குளிக்கும்போது ஆள் பார்க்கக் கூடாது. அலிக்கு நடப்பதைத் தவிர வேலையில்லை. காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றினார். மத்தியானம் பள்ளிவாசலில் படுத்தார். சாயங்காலம் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற தெருக்கள் வழியாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினார். நடந்து நடந்து அவர் செருப்பு மட்டுமல்ல, ரோடும் கொஞ்சம் தேய்ந்தது. நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, லாரியால் ஆனது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் வஸீர் பேச ஆரம்பித்துவிட்டது. அலியின் குரலை ஒரேயடியாக விட்டுவிட்டது. இப்போது எல்லாம் நர்கீஸ் குரல்தான். "என்னங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிடும். நர்கீஸ்தான் கூப்பிடுகிறாள் என்று அலி ஓடுவார். கடி வாங்கிக்கொண்டு திரும்புவார். சில நேரம் நிஜமாகவே நர்கீஸ் கூப்பிடுவாள். கிளி என்று நினைத்துப் போகமாட்டார். "கூப்புட்டா வர மாட்டீங்களா?" என்று அதற்கும் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

உள்ளே அவர்கள் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒரு நாள் யாரோ சீட்டி அடித்தார்கள். கிளி என்று நினைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நர்கீஸ். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவளுக்குச் சீட்டி அடிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. வஸீர் அவள் தோளில் உட்கார்ந்து அவள் தட்டிலிருந்தே வெஞ்சனத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நிழல் விழுந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அலி நகர்ந்துவிட்டார்.

அவர் மனதைத் தேற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தால்தான். இது அதிக நாள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தான் போன பிறகு வீடு எப்படி இருக்குமோ, அதை முன்கூட்டியே சரிசெய்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. இனி போகவேண்டியதுதான் பாக்கி. சாகிறவர் யாருக்கும் கிடைக்காத நிம்மதி இது என்று அந்தோணிமுத்துவிடம்கூடச் சொன்னார். அந்தோணிமுத்து, "அது சரி பாய்," என்றார்.

மறுபடி பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெல்லைத் தடவி, கருவியை நெஞ்சில் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். ஓடுகிற பெல்ட்டில் நடக்கவிட்டார்கள். பெல்ட்டை நிறுத்தச் சொல்லி நர்ஸம்மாதான் களைத்துப்போய்க் கேட்டாள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க? ரொம்ப நடக்குறீங்களா?"

"வீட்டுல இருக்க முடியலீங்க. அதான் நடக்குறேன்."

"ரொம்ப நல்ல விஷயம். அடைச்ச குழாயச் சுத்தி சின்னச் சின்னதா வேற வழி உண்டாகி ரத்தம் நல்லாப் போகுது. இதயம் நல்லாப் பலமாயிருக்கு. இப்படியே விடாம நடங்க. இன்னும் இருபது வருஷம் ஒண்ணும் ஆகாது."

"இருபதுங்களா?"

"ஏன், போதாதா?" டாக்டரம்மா சிரித்தார்.

அலி சிரிக்கவில்லை. கொஞ்சம் குறைத்துச் சொல்லமாட்டாரா என்பது போல உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பழக்கடையில் நின்று, நன்றாகக் கனிந்த கொய்யாவாகப் பார்த்து வாங்கினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் முன்னறை வாசலில் நின்றார். நர்கீஸ் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் வஸீர் ஒரு கண்ணை மூடியிருந்தது.

"வஸீரு," என்றார் அலி. பழத்தைப் பிட்டு, சிவந்த சதை தெரிய, கையை நீட்டினார். "இந்தா ராசா. வா."

கிளி கண்ணைத் திறந்தது. கத்தவில்லை. தோளிலிருந்து இறங்கி, பாயில் நடந்து, தரையில் நடந்து, அவர் கால்வரை வந்தது. நர்கீஸ் கீரையை விட்டுவிட்டுப் பார்த்தாள். அலி மெதுவாக உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். வஸீர் பழத்தை அலகால் எடுத்தது. கொண்டுபோய் அறை மூலையில் போட்டது. திரும்பி வந்து அடுத்த துண்டை எடுத்தது. அதையும் போட்டது. உள்ளங்கை காலியாகும்வரை போய்ப் போய் வந்தது. கடிக்கவே இல்லை. வேலை முடிந்ததும் நர்கீஸின் மடியில் ஏறி, நெஞ்சிலிருந்து ஒரு புது இறகைப் பிடுங்கியது.

"போதும், விடுங்க," என்றாள் நர்கீஸ். அவள் குரலில் கோபம் இல்லை. "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காம். இருபது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."

நர்கீஸ் அவரைப் பார்த்தாள். மடியிலிருந்த கிளியைப் பார்த்தாள். அது இன்னொரு இறகுக்குப் போவதற்குள் அதன் அலகை விரலால் பொத்திக்கொண்டாள். அவள் சந்தோஷப்படாமல் இல்லை. கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் யோசனையும் வந்தது.

"அப்ப நீங்க எங்கங்க இருப்பீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கிளி மறுபடி குறுகுறுக்க ஆரம்பித்ததால் அலி எழுந்து வெளியே வந்தார். செருப்பு கையில்தான் இருந்தது. சுவர் ஓரமாக நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது, பால் வாங்கிக்கொண்டு வந்த அந்தோணிமுத்து நின்றார்.

"என்ன பாய், ரிப்போட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. நடக்கச் சொல்லிட்டாங்க," என்றார் அலி.

"எம்புட்டுத் தூரம்?"

"அத சொல்லல, அப்பு."

மலைக்கோட்டைப் பக்கம் காலையில் போய்வந்தாகிவிட்டது. அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகத் திரும்பினார்.